காற்றுக்கு வழி, மழைக்குத் தடை: ஹிர்டா தீவின் கல் கிடங்குகள்

ஸ்காட்லாந்தின் நார்த் யூஸ்ட் தீவிலிருந்து மேற்கே சுமார் 64 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலில் கிடக்கிறது செயின்ட் கில்டா தீவுக்கூட்டம். அதில் பெரிய தீவு ஹிர்டா. மக்கள் நிலையாகக் குடியிருந்தது அங்குதான். கரையிலிருந்து பார்த்தால் மலைச்சரிவு முழுக்க, கவிழ்த்துப் போட்ட படகுகளைப் போலக் கல் கட்டடங்கள் சிதறிக் கிடக்கும். தலையில் புல் முளைத்திருக்கும். ஹிர்டாவில் மட்டும் இவை 1,200க்கு மேல். பக்கத்துத் தீவுகளிலும் கடலில் நிற்கும் பாறைத் தூண்களிலும் இன்னும் உண்டு. கிளீட் என்பது இவற்றின் பெயர். கடற்பறவை இறைச்சி, முட்டை, இறகு, கயிறு, வைக்கோல், எரிக்கும் புல்மண் என எல்லாம் இதற்குள்தான் இருந்தன.

இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது? தீவில் மரம் கிடையாது. உப்புக்குத் தட்டுப்பாடு. 1697இல் அங்கு வந்த பயண எழுத்தாளர் மார்ட்டின் மார்ட்டின், தீவு மக்கள் கேனட் என்ற பெரிய கடற்பறவைகளை முதுகில் கீறி, உப்பில்லாமலே கல் கூடுகளில் ஓராண்டு வரை வைத்துக்கொள்வதாக எழுதினார். உணவோ சில வாரங்களில் மொத்தமாக வந்து குவியும்: மே மாதத்தை ஒட்டி முட்டைகள், கோடையில் பஃபின் என்ற சிறு கடற்பறவைகள், ஆகஸ்டில் ஃபுல்மர் என்ற கடற்பறவையின் குஞ்சுகள், அதன் பின் கேனட் குஞ்சுகள். பிறகு குளிர்காலம். கடல் கொந்தளித்தால் மாதக்கணக்கில் படகு வராது. இறைச்சியை உலர்த்தியாக வேண்டும். ஆனால் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர், காற்றின் ஈரப்பதம் சராசரியாக 85 சதவீதம், ஜூலையிலும் சராசரி வெப்பம் 12 டிகிரி செல்சியஸை எட்டுவதில்லை. உலர்த்துவதற்கு இதைவிட மோசமான இடத்தைத் தேடிப்பிடிப்பது கடினம்.

இந்த ஈரப்பதத்தின் கொடுமையை எண்களில் பார்க்கலாம். 12 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 10.7 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 85 சதவீத ஈரப்பதம் என்றால் 9.1 கிராம் ஏற்கெனவே ஏறிவிட்டது, மிச்சம் 1.6 கிராம். அதுவும் முழுதாகக் கிடைக்காது. நீர் ஆவியாகும்போது காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றின் கொள்ளளவு குறைகிறது. கடைசியில் ஒரு கனமீட்டர் காற்று எடுத்துச் செல்லக்கூடிய புதிய நீர் 0.7 கிராம் அளவுதான்.

வளர்ந்த கேனட் சுமார் 3 கிலோ எடை. குடலெடுத்து, இறகு நீக்கி வைத்த பறவையிலிருந்து ஒரு கிலோ நீர் வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அதைக் கடந்து 1,400 கனமீட்டர் காற்று போக வேண்டும். நூறு பறவைக்கு 1,40,000 கனமீட்டர். மூடிய அறையில் இது நடக்கவே நடக்காது. உள்ளே இருக்கும் காற்று சற்று நேரத்திலேயே ஈரத்தால் நிறைந்து, இறைச்சி அழுகத் தொடங்கும். ஆனால் காற்றை எதிர்கொள்ளும் சுவரின் நான்கு சதுர மீட்டர் பரப்பில், வினாடிக்கு வெறும் 10 சென்டிமீட்டர் வேகத்தில் காற்று கசிந்தாலும் ஒரு நாளில் கிட்டத்தட்ட 35,000 கனமீட்டர் உள்ளே வந்து மறுபக்கம் வெளியேறிவிடும். நூறு பறவைக்கான காற்று நான்கு நாளில் சேர்ந்துவிடுகிறது. காற்றின் தரம் மட்டம், அளவுக்கோ பஞ்சமில்லை. ஹிர்டாவின் உச்சிகளில் மணிக்கு 185 கிலோமீட்டருக்கு மேல் சுழற்றியடிப்பதும் வழக்கமே.

கட்டுமானம் இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. சாந்து கிடையாது. கல்லின் மேல் கல் அடுக்கி, மேலே போகப் போக ஒவ்வொரு வரிசையையும் சற்று உள்ளே தள்ளி வைப்பார்கள். இரு சுவர்களும் நெருங்கி வந்ததும் குறுக்கே பெரிய பட்டியக்கற்களைப் போட்டு, அவற்றின் மேல் மண்ணோடு வெட்டிய புல்பத்தைகளைப் பரப்பிவிடுவார்கள். ஒரு முனையில் குனிந்து நுழையும் வாசல். கற்களுக்கு இடையிலுள்ள சந்துகள் நேராக இல்லை. வளைந்து நெளிந்து போகின்றன. காற்று வளைந்து உள்ளே வந்துவிடும். பக்கவாட்டில் அடிக்கும் மழைத்துளியால் அப்படித் திரும்ப முடியாது. கல்லில் மோதி வழிந்துவிடும்.

புல்பத்தைக்கு இரண்டு வேலை. மேலிருந்து விழும் மழையை உறிஞ்சி ஓரங்களில் வடிப்பது ஒன்று. தன் எடையால் பட்டியக்கற்களை அழுத்திப் புயலில் அசையாமல் வைப்பது மற்றொன்று. புல்லின் வேர் உயிரோடு இருக்கும்வரை மண் கரையாது.

காற்று மட்டும் போதாது. மேற்பரப்பு உலர்ந்த பின், உள்ளிருக்கும் நீர் தசையின் வழியே மெல்லத்தான் வெளியே வரும். தடிமன் இருமடங்கானால் அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. பறவையை முதுகில் கீறி விரித்து வைப்பதன் பயன் இங்கேதான். கீறாமல் வைத்தால் வெளியே தோல் இறுகி, உள்ளே நடுப்பகுதி கெட்டுவிடும். குளிர் இங்கே கைகொடுக்கிறது: உலரும்வரை நுண்ணுயிர்களின் பெருக்கத்தை அது மட்டுப்படுத்துகிறது. முட்டைகளைப் புல்மண் எரித்த சாம்பலில் புதைத்து வைத்தார்கள்.

கொழுப்புதான் சிக்கல். கடற்பறவையின் உடலில் எண்ணெய் அதிகம். நீர் போனாலும் எண்ணெய் ஆக்ஸிஜனோடு சேர்ந்து சிக்கு வாடை பிடிக்கும். கிளீட்டின் இருட்டு அதைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. பிற்காலத்தில் உப்பு கிடைத்ததும் ஃபுல்மரைப் பீப்பாயில் உப்பிட்டு வைக்கும் பழக்கம் வந்தது. (ஃபுல்மர் குஞ்சைப் பிடிப்பவர் அதன் கழுத்தை உடனே இறுக்க வேண்டும், தாமதித்தால் வயிற்று எண்ணெயை முகத்தில் உமிழ்ந்துவிடும். அந்த எண்ணெய் விளக்குக்கும் வாடகைக்கும் உதவியது என்பதால் நஷ்டம் இரட்டிப்பு.)

ஸ்டாக் அன் ஆர்மின் இதே தீவுக்கூட்டத்தில் உள்ள 196 மீட்டர் உயரப் பாறை. கடலிலிருந்து செங்குத்தாக எழுவது. அதன் மேலும் கிளீட்கள் இருக்கின்றன. பிடித்ததை அங்கேயே சேமித்து, கடல் அமைதியாகும் நாளில் படகில் இறக்கினார்கள். 1727 ஆகஸ்டில் மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும் பறவை பிடிக்க அங்கே இறங்கினார்கள். ஹிர்டாவில் பெரியம்மை பரவி, அவர்களை அழைத்துவரப் படகு செலுத்த ஆளில்லாமல் போனது. அடுத்த மே மாதம்வரை பறவையையும் மீனையும் தின்றே பதினொரு பேரும் பிழைத்திருந்தார்கள்.

1930 ஆகஸ்ட் 29 அன்று எஞ்சியிருந்த 36 பேரும் ஹிர்டாவை விட்டு வெளியேறினார்கள். 1932இல் பக்கத்துச் சோய் தீவிலிருந்து 107 செம்மறி ஆடுகள் ஹிர்டாவுக்குக் கொண்டுவரப்பட்டன. காட்டு ஆடுகளாகவே வாழும் அவற்றின் வழித்தோன்றல்கள், புயலில் ஒதுங்குவது கிளீட்டுக்குள்தான். கூரையில் ஏறி மேய்வதும் அவையே. குளம்பு பட்டுப் புல்பத்தை கிழிந்தால் மழை மண்ணைக் கரைக்கிறது. அழுத்தும் எடை போனதும் பட்டியக்கல் நகர்கிறது. ஒரு கல் விழுந்தால் பக்கத்துச் சுவர் தாங்குவதில்லை. இடிந்த கிளீட்களில் பலவற்றின் வரலாறு இவ்வளவுதான்.

தீவு இப்போது ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. எல்லாக் கிளீட்டையும் பராமரிப்பது நடக்காத காரியம். எதைக் காப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பெருநிலத்து ரென் குருவியைவிடப் பருமனான செயின்ட் கில்டா ரென் குருவி இந்தக் கல் சந்துகளிலும் கூடு கட்டுகிறது. ஆகவே சரிந்த சுவரைப் பிரித்து அடுக்குமுன் ஒவ்வொரு சந்தையும் பார்த்தாக வேண்டும்.