கொல்லைப்புறமாக நுழையும் குளிர்: மே இறுதி விடுமுறையும் பாஸ்டன் வானிலையும்

அமெரிக்காவில் மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, போரில் உயிர்நீத்த படைவீரர்களை நினைவுகூரும் மெமோரியல் டே விடுமுறையாகும். 1971 முதல் அது எப்போதும் திங்கட்கிழமையிலேயே வருவதால் சனி, ஞாயிறுடன் சேர்த்து மூன்று நாட்கள் ஓய்வு கிடைக்கிறது. நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ இங்கிலாந்து மக்கள், நீண்ட குளிர்காலத்துக்குப் பிறகு பெருந்திரளாகக் கடற்கரைக்கும் மலைக்கும் கிளம்புவது இந்த மூன்று நாட்களில்தான். ஆனால் பாஸ்டன் நகரில் அந்நாட்களின் வெப்பநிலையை முன்கூட்டிச் சொல்வது மிகவும் கடினம். 30 டிகிரி செல்சியஸும் வரலாம், 12 டிகிரியும் வரலாம். கடலோரத்தில் ஒன்றும் உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் மற்றொன்றுமாக, இரண்டும் ஒரே பிற்பகலில் பதிவாவதும் உண்டு.

இதற்கு முதற்காரணம் கடல். மே இறுதியில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய ஜூலை நடுப்பகுதியில் நிற்கும் உயரத்திலேயே நிற்கிறது. எனவே நிலம் கோடைக்குரிய வேகத்தில் சூடாகிறது. கடல் அப்படிச் சூடாவதில்லை. ஒரே நிறையுள்ள உலர்ந்த மண்ணோடு ஒப்பிட்டால், நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தையும் அலைகளும் ஓதங்களும் ஆழத்துக்குக் கலந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, நோவா ஸ்கோஷியா கரையை ஒட்டி வடக்கிலிருந்து குளிர்ந்த நீர், பாஸ்டனை ஒட்டிய கடலான மெய்ன் வளைகுடாவுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே பாஸ்டன் கரையோர நீர் அப்போதும் 12, 13 டிகிரியை ஒட்டியே இருக்கும். கத்திரி வெயிலில் சென்னைக்குள் கடற்காற்று நுழையும்போது வெப்பம் சில டிகிரி தணிவதை நாம் அறிவோம். வங்கக் கடலின் நீரே 30 டிகிரியை ஒட்டி இருப்பதால் அக்காற்றால் அதற்கு மேல் குளிர்விக்க இயலாது. பாஸ்டனின் கடற்காற்றுக்கு அத்தகைய தடை இல்லை.

கடற்காற்று மட்டுமே என்றால் கணிப்பு எளிதாகிவிடும். அது பெரும்பாலும் பகலில் எழுந்து மாலையில் அடங்கிவிடும். உண்மையான சிக்கல் வேறொன்று. இருவேறு காற்றுத்திரள்கள் சந்திக்கும் எல்லையை வானிலையாளர்கள் முகப்பு என்பர். மிதவெப்ப மண்டலத்தில் குளிர்முகப்புகள் வழக்கமாக மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வரும். வசந்தகால நியூ இங்கிலாந்திலோ, ஒரு வகைக் குளிர்முகப்பு வடகிழக்கிலிருந்து, அதாவது வீட்டின் முன்வாசலை விட்டுக் கொல்லைப்புறமாக நுழைகிறது. வானிலையாளர்களும் அதற்குக் கொல்லைக்கதவுக் குளிர்முகப்பு என்றே பெயரிட்டிருக்கிறார்கள். கிழக்குக் கனடாவின் மேல் உயர் அழுத்த மண்டலம் ஒன்று நிலைகொள்ளும்போது, வடகோளத்தில் அதைச் சுற்றிக் காற்று வலஞ்சுழியாக வீசுவதால், அதன் தெற்கு விளிம்பில் கிழக்குக் காற்று உண்டாகிறது. குளிர்ந்த கடலின் மேல் நெடுந்தூரம் தவழ்ந்து வரும் அக்காற்று அடர்த்தி மிக்கது. எனவே நிலத்தின் மேலுள்ள இளஞ்சூட்டுக் காற்றை மேலே தூக்கிவிட்டு, அதன் அடியில் ஆப்பைப் போலச் செருகிக்கொள்கிறது. முகப்பு கடந்ததும், வெப்பநிலை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே 10 டிகிரிக்கு மேல் சரியக்கூடும்.

இந்த ஆப்பின் தடிமன் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான்; ஆனாலும் அது எளிதில் விலகுவதில்லை. கீழே குளிர், மேலே வெப்பம் என்ற தலைகீழ் அமைப்பில் காற்று மேலெழுந்து கலக்க முடியாது. ஈரம் அடியிலேயே சிறைப்பட்டுத் தாழ்ந்த சாம்பல் மேகமாகவும் மூடுபனியாகவும் தூறலாகவும் நிற்கிறது. கடலோர நகரம் அதனுள் நடுங்கும்போது, உள்நாட்டு மலையுச்சிகள் மேகத்துக்கு மேலே வெயிலில் நிற்பதும் நேர்கிறது.

இவ்வளவு மெல்லிய அடுக்கைப் புவி முழுவதையும் கணக்கிடும் கணினி மாதிரிகள் சரிவரப் பிடிப்பதில்லை. அமெரிக்காவின் உலகளாவிய மாதிரி வளிமண்டலத்தைச் சுமார் 13 கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரிக்கிறது. முகப்பு எங்கே நிற்கும் என்பதில் 50 கிலோமீட்டர் பிழை நேர்ந்தால் போதும், ஒரு பெருநகரம் முழுவதற்குமான கணிப்பு பொய்த்துவிடும். தொடக்க அளவீட்டின் சிறு வேறுபாடு முடிவைப் பெரிதும் மாற்றும் என்பதை 1961இல் வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் கண்டறிந்தது, பாஸ்டனுக்கு எதிரே ஆற்றின் மறுகரையிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில்தான் (எம்.ஐ.டி.). அதை ஏற்றுக்கொண்டு, தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே மாதிரியைப் பலமுறை இயக்கும் முறை 1992 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான ஓட்டங்கள் முகப்பைப் பாஸ்டனுக்குத் தெற்கே தள்ளினால், முன்கணிப்பாளர் குளிரைத் துணிந்து சொல்லலாம். ஓட்டங்கள் பிரிந்து நின்றால், நேர்மையான விடை ஒற்றை எண்ணாக இருக்க முடியாது. தேசிய வானிலைச் சேவையின் அலுவலகங்கள் தம் ஐயங்களை விளக்கி நாள்தோறும் வெளியிடும் உரைநடைக் குறிப்பு, செல்பேசித் திரையிலுள்ள மேகச் சின்னத்தைவிட எனக்குப் பெரிதும் பயன்மிக்கதாகத் தோன்றுவது இதனால்தான்.

மழை வாய்ப்பு 20 விழுக்காடு என்ற அறிவிப்பும் இங்கே ஏமாற்றக்கூடும். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓர் இடத்தில் குறைந்தது 0.25 மில்லிமீட்டர் மழை பெய்யும் வாய்ப்பையே அது குறிக்கிறது. அந்த அளவை எட்டாத தூறல் நாள் முழுவதும் நீடித்தால், கணக்கின்படி மழையே இல்லை. கடற்கரைக்குச் சென்றவரோ நனைந்து திரும்புவார்.

ஆகவே அந்த வார இறுதியில் முதலில் பார்க்க வேண்டியது காற்றின் திசை. தென்மேற்கிலிருந்து வீசினால் பாஸ்டனில் வெப்பம், கிழக்கிலிருந்து வீசினால் குளிர். பாஸ்டனுக்குத் தென்கிழக்கே கடலுக்குள் நீளும் கேப் காட் தீபகற்பத்தின் தென்கரைக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே தென்மேற்குக் காற்றும் கடலைத் தொட்டே வருகிறது.

தென்மேற்குக் காற்று வெல்லும் நாட்களில்தான் பேரிடர் ஒளிந்திருக்கிறது. வெயிலை நம்பிச் சிறு படகுகளில் இறங்குபவர்களுக்கு அடியிலுள்ள நீர் அப்போதும் 12 டிகிரிதான். அந்நீரில் தவறி விழுந்தவுடன் உடல் தன்னையறியாமல் மூச்சை உள்ளிழுக்கிறது. தலை நீருக்கடியில் இருந்தால் உள்ளே போவது நீர். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் முதல் ஒரு நிமிடத்திலேயே மூழ்கிவிட நேர்வது இதனால்தான். அந்த ஒரு நிமிடம் முகத்தை நீருக்கு மேலே வைத்திருப்பது, படகேறும்போதே அணிந்துகொண்ட லைஃப் ஜாக்கெட்.