முதுகில் 5 கிராம்: வல்லூறின் இருப்பிடம் நமக்கு எப்படித் தெரிகிறது?

2013 நவம்பரில் நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்துக்கு அருகே மூன்று அமூர் வல்லூறுகளின் முதுகில் இருப்பிடம் காட்டும் கருவி பூட்டிப் பறக்கவிட்டார்கள். இந்திய வனவிலங்கு நிறுவனத்தினரும் ஹங்கேரிய ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த வேலை அது. அவற்றில் 'நாகா' என்று பெயரிடப்பட்ட பறவை, 5 நாள் 10 மணி நேரத்தில் சுமார் 5,600 கி.மீ. பறந்து, அரபிக்கடலைத் தாண்டி சோமாலியாவை அடைந்தது. வரைபடத்தில் பார்த்தால் நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு. ஆனால் பறவை அனுப்பியது கோட்டையல்ல, ஆங்காங்கே சில புள்ளிகளுக்கான குறிப்பை மட்டும்தான். இடைவெளியை நிரப்பியது மனிதக் கை.

கருவியின் எடை 5 கிராம், ஏறக்குறைய ஒரு இரண்டு ரூபாய் நாணயம். பறவையின் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் சுமத்தக்கூடாது என்பது இத்துறையில் பரவலாகப் பின்பற்றும் விதி. அப்படியானால் பறவை குறைந்தது 167 கிராமாவது இருக்க வேண்டும். அமூர் வல்லூறுகளில் பல அந்த எடைக்குத் தேறாது. நல்லவேளையாக, கடல் தாண்டுவதற்கு முன் அவை நாகாலாந்தில் ஈசலைத் தின்று கொழுக்கின்றன. வல்லூறு இனங்களில் பெண்தான் உடல் பெரியது. அதனால் தராசில் தேறுவதும் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கும். எடை ஒன்றே கணக்கல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். முதுகில் துருத்தி நிற்கும் பெட்டி காற்றைத் தடுக்கும். இறக்கையை விரித்து மிதக்கும் பறவைக்கு எடையைவிட அந்த இழுவை பெரிய தொல்லையாகிவிடலாம்.

பூட்டுவதில்தான் கைப்பழக்கம் வேண்டும். முதலில் பறவையின் கண்களை மூடிவிடுவார்கள். இருட்டானதும் அது அடங்கிவிடும். பட்டைக்கு டெஃப்லான் நாடா. வழவழப்பானது, இறகை அறுக்காது. கழுத்தைச் சுற்றி ஒரு வளையம், இறக்கைகளுக்குப் பின்னால் உடலைச் சுற்றி இன்னொன்று. இரண்டும் மார்பெலும்பின் மேல் சந்திக்கும். அந்தச் சந்திப்பை வேண்டுமென்றே பருத்தி நூலால் தைப்பவர்கள் உண்டு. சில ஆண்டுகளில் நூல் மக்கி அறுந்து கருவி தானாகக் கழன்று விழும். பறவை ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டியதில்லை. பட்டை இறுகினால் தோல் உராய்ந்து புண்ணாகும். தளர்ந்தால் கிளையில் மாட்டும், அல்லது கோதும்போது அலகு சிக்கிக்கொள்ளும். கொழுத்திருக்கும் நாளில் அளவெடுத்த பட்டை, கடல் தாண்டிக் கொழுப்பு கரைந்த பின் தளரும் என்பதையும் யோசித்தே கட்ட வேண்டும். கூட்டில் இருக்கும் கழுகுக் குஞ்சுக்கு இதற்கு நேர்மாறு: மார்புத் தசை இனிமேல்தான் வளரப்போகிறது, அதற்கும் இடம் விட வேண்டும்.

இனி, இருப்பிடம் எப்படித் தெரிகிறது? 2013 இல் பூட்டிய இந்தச் சிறிய கருவியில் கைபேசியில் இருப்பதுபோன்ற ஜிபிஎஸ் இல்லை. 401.65 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில், ஒரு நொடிக்கும் குறைவான ரேடியோத் துடிப்பை நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அனுப்பும். அவ்வளவுதான். சுமார் 850 கி.மீ. உயரத்தில் துருவங்களின் மேலாகச் சுற்றும் ஆர்கோஸ் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்கும். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும் விலகும்போது தணிந்தும் கேட்குமே, அதே டாப்ளர் விளைவுதான் இங்கேயும். செயற்கைக்கோள் நெருங்கும்போது அலைவெண் கூடுகிறது, விலகும்போது குறைகிறது. மாற்றத்தின் வேகத்திலிருந்து, பறவை அதன் பாதையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், விடை எப்போதும் இரண்டு வரும்: பாதைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எது சரி என்பதை முந்தைய இருப்பிடத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். செயற்கைக்கோள் ஒருமுறை கடந்துபோவதற்குள் நான்கு துடிப்பாவது கிடைத்தால்தான் பிழையின் அளவைச் சொல்ல முடியும். மிகச் சிறந்த தரத்தில் பிழை 250 மீட்டருக்குள் இருக்கும்; அடுத்தடுத்த தரங்களில் 500, 1,500 மீட்டர் என ஏறும். செயற்கைக்கோள் தலைக்கு மேல் இருப்பதோ சுமார் 10 நிமிடம். அதற்குள் பறவையே சில கிலோமீட்டர் பறந்துவிடும். கணக்கோ அது அசையவில்லை என்று வைத்துக்கொண்டு போடப்படுகிறது. எனவே வந்த புள்ளிகளையெல்லாம் நம்பிவிடக் கூடாது. பின்காற்றைச் சேர்த்தாலும் எட்ட முடியாத வேகத்தைக் காட்டும் புள்ளியை நீக்கிவிட வேண்டும்.

மின்சாரம் சூரியத்தகட்டிலிருந்து. முதுகு இறகு வளர்ந்து தகட்டை மூடினால் மின்கலம் வற்றும். அதனால் தகட்டைச் சற்று உயர்த்தி வைக்கிறார்கள். 5 கிராம் கருவிகள் வழக்கமாக 10 மணி நேரம் பேசி, 48 மணி நேரம் மௌனமாக மின்னேற்றம் செய்யும். இந்தக் கணக்கில், நாகா பறந்த 130 மணி நேரத்தில் கருவி பேசியிருக்கக்கூடியது 20 முதல் 30 மணி நேரம் மட்டுமே. அரபிக்கடலின் மேலுள்ள கோட்டில் பெரும்பகுதி நம் ஊகம்.

சத்தம் முற்றிலும் நின்றுபோனால்? கருவி மின்னழுத்தம், வெப்பநிலை, அசைவு ஆகியவற்றையும் அனுப்புகிறது. மின்னழுத்தம் படிப்படியாக இறங்கி நின்றால் மின்னேற்றக் கோளாறு. அசைவு நின்று, கருவி ஓரிடத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்தால் பறவை இறந்திருக்கும், அல்லது கருவி கழன்றிருக்கும். நேரில் போய்த் தேடிப் பார்க்க வேண்டும். எல்லாம் சீராக இருந்து திடீரென நின்றால்தான் சந்தேகம் வரும்.

ஸ்காட்லாந்தில் பொன்னாங் கழுகுகளுக்கு நடந்தது இதுதான். 2017 இல் வெளியான ஆய்வில், கண்காணிக்கப்பட்ட 131 இளம் கழுகுகளில் 41 சந்தேகத்துக்குரிய வகையில் காணாமல் போயிருந்தன. பல, குரவுஸ் பறவை வேட்டைக்காகப் பராமரிக்கப்படும் மேட்டுநிலங்களில் மறைந்தவை. கருவிதான் பழுதாகியிருக்கும் என்று வாதிட்டவர்கள் உண்டு. அவற்றில் ஒன்று 2014 இல் கருவி பூட்டப்பட்டு, 2016 இல் மறைந்த கழுகு. 2020 மே மாதம் பிரான் ஆற்றின் கரையில் அதன் கருவி கிடைத்தது. பட்டை வெட்டப்பட்டிருந்தது. ரேடியோ அலை வெளியே போகாதபடி, கருவியை ஈயத்தகட்டில் சுற்றி யாரோ ஆற்றில் எறிந்திருந்தார்கள்.