பெயரை மாற்றினால் ரிப்ளி வந்துவிடமாட்டாள்

போன வாரமும் ஒரு திரைக்கதை வந்தது. கடலுக்கடியில் ஒரு ஆய்வுக்கூடம், எதிர்காலச் சென்னை. நாயகி விஞ்ஞானி என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. இன்ட்ரோவில் ரோப்பில் இறங்கிப் பத்துப் பேரை அடிக்கிறாள். இன்டர்வெல்லில் கடத்தப்படுகிறாள். கடைசிப் பக்கம் வரை அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் எடுத்த முடிவு என்று ஒன்றுகூட இல்லை. தயாரிப்பாளர்களுக்காகக் கதை படித்துக் கருத்துச் சொல்வது என் வேலை. சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆக்‌ஷன் என்று எது வந்தாலும் இதே பெண்தான் வருகிறாள், துப்பாக்கி மட்டும் மாறுகிறது.

கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "ரிப்ளியையே ஆம்பளைக்குத்தானே சார் எழுதினாங்க? பேரைத்தான் மாத்தினாங்க."

கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரிப்ளி, 1979இல் வந்த ஹாலிவுட் படம் 'ஏலியன்'இன் நாயகி. அந்தப் படத்துக்கு டான் ஓபானன் எழுதிய திரைக்கதையில் ஒரு குறிப்பு இருந்தது: விண்கப்பலில் இருக்கும் எந்தப் பாத்திரத்திலும் ஆணும் நடிக்கலாம், பெண்ணும் நடிக்கலாம். பெயரை மாற்றிய வித்தை என்று நம் ஆட்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆனால் அந்தக் கப்பலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. கேப்டன் வெளியே போயிருக்கிறார், கப்பல் ரிப்ளியின் பொறுப்பில். முகத்தில் ஏதோ உயிரினம் ஒட்டிக்கொண்ட ஆளைத் தூக்கிவந்து கதவைத் திறக்கச் சொல்கிறார். 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும் என்ற விதியைச் சொல்லி அவள் மறுக்கிறாள். ஒருவன் சாகக் கிடக்கிறானே என்று பார்க்கிற நமக்கே அவள்மேல் கோபம் வரும். கப்பலின் அறிவியல் அதிகாரி ஆஷ் திறந்துவிடுகிறான். படத்தில் விழும் அத்தனை சாவும் அதற்கு அப்புறம்தான். அந்தக் காட்சியில் அவள் யாரையும் அடிக்கவில்லை.

அடுத்த படம் 'ஏலியன்ஸ்', 1986இல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்தது, 'பேரை மாத்து' கட்சிக்கு இன்னும் இடம் கொடுக்காது. 57 வருடம் உறைதூக்கத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவளுக்குக் கிடைப்பது சரக்கு ஏற்றும் வேலை. லோடர் எந்திரம் ஓட்டத் தெரியும் என்று ராணுவக்காரர்கள் முன்னால் ஓட்டியும் காட்டுகிறாள். கிளைமாக்ஸில் அதே எந்திரத்துக்குள் ஏறி ஒரு குழந்தைக்காக ராணி ஏலியனோடு மோதுகிறாள். அங்கே கைதட்டுகிறோம் என்றால், முன்னாலேயே அவள் ஓட்டியதைப் பார்த்திருக்கிறோம் என்பதால்தான். ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவர் இந்தப் படத்துக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்.

1991இன் 'டெர்மினேட்டர் 2' என்றால் லிண்டா ஹாமில்டனின் கைத்தசை மட்டும்தான் எல்லோருக்கும் ஞாபகம். எதிர்கால அழிவுக்குக் காரணமாகப்போகிற விஞ்ஞானி டைசனைக் கொல்லப் போய், அவன் மனைவி, பிள்ளை முன்னால் முடியாமல் அவர் நடித்த சாரா உடைந்து உட்காருகிறாளே, அது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஜிம் போட்டோ அனுப்புகிறார்கள், "இப்படி உடம்பு வேணும்" என்று. வேண்டும்தான், அப்புறம்?

(தொழில் ரகசியம் ஒன்று: பட்ஜெட் குறைந்தால் முதலில் போவது ரோப் ஷாட். அது போனால் இந்த நாயகிகளிடம் எதுவும் மிஞ்சுவதில்லை.)

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, ஃபைட்டை எல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள். அவள் எடுத்த முடிவால் கதை திரும்புகிற சீன் நம்பரை ஓரத்தில் எழுதுங்கள். நம்பர் இல்லையென்றால் எனக்கு அனுப்பாதீர்கள். அவள் தப்புச் செய்யட்டும், அதற்கு விலையும் கொடுக்கட்டும். இன்னொரு பெண்ணோடு வேலையைப் பற்றிப் பேசட்டும். அவள் கோபத்துக்குக் காரணம் வேண்டும் என்பதற்காக ஒரு பலாத்காரக் காட்சி வைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், கையெடுத்துக் கேட்கிறேன். நரேஷனை இன்ட்ரோ ஃபைட்டில் ஆரம்பிக்காதீர்கள், இருபது நிமிடம் அதிலேயே போய்விடுகிறது. அவள் முதன்முதலில் 'முடியாது' என்று சொல்கிற இடத்திலிருந்து சொல்லுங்கள். அப்படி ஒரு இடம் இல்லையா? சரி, எழுதிவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.