போனைப் பிடுங்குவதற்கு முன்

"போனைப் பிடுங்கி வெச்சுட்டா சரியாயிடுமா மேடம்?" ஆலோசனைக்கு வரும் பெற்றோரில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பிள்ளையிடம் நான் கேட்பது வேறு: கை எப்போது போனைத் தேடுகிறது?

பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கேட் திறக்கிற சத்தம் கேட்டா" என்றான். அப்பா வேலை முடிந்து வரும் நேரம் அது. கொஞ்ச நேரத்தில் ஹாலில் சண்டை தொடங்கும். இவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேமைத் திறந்தால், மூடும்போது இரவு 2 மணி. கேம் பிடிக்குமா என்றேன். "முன்னாடி பிடிச்சுது." எத்தனை மணி நேரம் என்ற கணக்கைவிட இந்தப் பதில்தான் எனக்குக் கவலை தந்தது.

அதே சண்டையைக் கேட்டு வளர்ந்த அவன் அக்காவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே பழியை முழுக்க வீட்டின் தலையில் போடவும் முடியாது. எளிதில் கலங்கும் சுபாவம், நினைத்ததை உடனே செய்துவிடும் அவசரம், எடுத்த வேலையை ஒழுங்காக முடிக்காத போக்கு ஆகியவை இணையத்தில் சிக்கிக்கொள்வதோடு சேர்ந்தே வருவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை சாட்டில் கலகலப்பாக இருப்பதும் உண்டு. யோசித்துப் பதில் போட அங்கே அவகாசம் இருக்கிறதே!

'அடிக்‌ஷன்' என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். 1995-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க் 'இணைய அடிமைக் கோளாறு' என்று எழுதியதே கேலிக்காகத்தான். ஆனால் அது கேலியாகவே நின்றுவிடவில்லை. உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் 2022-ல் நடைமுறைக்கு வந்தது; அதில் கேமிங் கோளாறு இருக்கிறது. கட்டுப்பாடு கைமீறுவது, மற்றதெல்லாம் பின்னுக்குப் போவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது ஆகியவை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். பரீட்சை லீவில் விடிய விடிய ஆடியதற்கெல்லாம் அது பொருந்தாது.

வீட்டில் நான் அதிகம் பார்க்கும் தவறு ஒன்று: இன்று கோபத்தில் பிடுங்குவது, நாளை தொல்லை தாங்காமல் கொடுப்பது. கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அம்மா ஒரு விதி, அப்பா ஒரு விதி என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்தப் பையனின் அப்பாவிடம் ஒன்று மட்டும் கேட்டேன். வீட்டுக்கு வந்த முதல் அரை மணி நேரம் மார்க், போன், பணம் எதுவும் பேசக்கூடாது. அடுத்த வாரம் அம்மா தனியாக வந்தார். கேம் நேரம் குறையவில்லையாம். ஆனால் கூப்பிடாமலே சாப்பிட வெளியே வந்திருக்கிறான். அதையும் குறையாகத்தான் சொன்னார்: "ரெண்டே ரெண்டு நாள்தான் மேடம்."