டீபக்=0ன்னு அடிச்சும் டெஸ்ட் சர்வருக்குப் போன கொழுந்துக் கணக்கு

ஹட்டன்ல இருந்துகிட்டு சாஃப்ட்வேர் வேலை பாக்கிறேன்னு சொன்னா கொழும்புக்காரங்க இன்னமும் ஒரு மாதிரிதான் பாக்கிறாங்க, அத விடுங்க. இன்னைக்கு சொல்ல வந்தது பில்ட் ஸ்கிரிப்ட்ல, அதாவது எழுதின கோட ஓடுற ஆப்பா மாத்துற கட்டளை ஃபைல்ல, நாம சும்மா எழுதிட்டுப் போற 'இஃப்' (இப்பிடி இருந்தா இதச் செய்ங்கிற நிபந்தனை) பத்தி. ஆப் கோடுல இஃப் எழுதினா டெஸ்ட் எழுதுறோம், இன்னொருத்தர்கிட்ட காட்டுறோம், பில்ட் ஸ்கிரிப்ட்னா மட்டும் ஒரு தரம் ஓடுச்சா, சரி, அதோட அந்த ஃபைல யாரும் தொறக்கிறதே இல்ல.

ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு கொழுந்து நிறுக்கிற ஆப் செஞ்சு குடுத்திருந்தோம். மடுவத்துல, அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில, யாருக்கு எத்தனை கிலோன்னு போன்ல பதிஞ்சா, சிக்னல் கிடைக்கிற நேரம் அது சர்வருக்குப் போயிரும். நான் லீவுல இருந்த ஒரு நாள், டீம்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தர் ரிலீஸ் எடுத்திருக்கார், ரொம்பக் கவனமா 'மேக் ரிலீஸ் டீபக்=0'ன்னுதான் அடிச்சிருக்கார் (மேக்ங்கிறது பில்ட் ஓட்டுற கருவி, டீபக்ங்கிறது சோதனை பில்டுக்கு வச்ச கொடி, 0ன்னா ஆஃப்னு நினைச்சு), பில்டும் எந்த எரரும் இல்லாம முடிஞ்சிருச்சு. மறுநாள் அந்தியில கணக்கப்பிள்ளைகிட்ட இருந்து போன். "தம்பி, இன்னைக்கு ஒரு கிலோ கூட ஆபீசுக்கு வரலயாம், பொம்பளைங்கல்லாம் அப்ப எங்களுக்கு அரைப்பேருதானா, பாதி நாள் சம்பளந்தானான்னு கேக்குறாங்க, நான் என்ன சொல்லட்டும்?" அவ்வளவு கொழுந்தும் எங்க டெஸ்ட் சர்வர்ல போய் கிடந்துச்சு. நல்ல வேளை, மனுசன் கொப்பியிலயும் எழுதி வச்சிருந்தார்.

மேக் வாசிக்கிற ஸ்கிரிப்டான மேக்ஃபைல்ல இருந்தது ஒரே ஒரு 'இஃப்டெஃப் டீபக்'. அது உண்மைன்னா டெஸ்ட் சர்வர் முகவரி, இல்லன்னா நிஜ முகவரி. படிக்கிறப்ப 'டீபக் ஆன்ல இருந்தா'ன்னு தோணும். ஆனா குனூ மேக் (நாங்க பாவிக்கிற மேக் வகை) கேக்கிறது அது இல்ல, அந்தப் பேருக்கு வெறுமை இல்லாத ஏதாவது ஒரு மதிப்பு இருக்கான்னு மட்டும்தான் கேக்குது, 0வும் ஒரு மதிப்புதான், 'நோ'வும் ஒரு மதிப்புதான். எங்க ஊர் பாஷையில சொன்னா செக்ரோல்ல (தோட்டத்துப் பேர்ப் பதிவுல) பேர் இருக்கான்னு பாக்கிறதுக்கும் எத்தனை கிலோ எடுத்தாங்கன்னு பாக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம். அந்தத் தம்பி செஞ்சதுல தப்பே இல்ல, ஸ்கிரிப்ட் அவர் சொன்னத வேற மாதிரி வாசிச்சிருச்சு. இதுல இன்னொரு கூத்து, உங்க டெர்மினல்ல எப்பவோ எக்ஸ்போர்ட் பண்ணி வச்ச டீபக்கும் தானாவே மேக்குக்குள்ள வந்துரும், அதனால 'என் மெஷின்ல சரியா வருதே அண்ணே'ன்னு ரெண்டு பேர் சண்டை போட்டா ரெண்டு பேரும் சரியாத்தான் இருப்பாங்க.

மேக் 1976ல பெல் லேப்ஸ்ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினது, பழசுன்னுதான் இப்பிடின்னு நினைக்காதீங்க. ஆன்ட்னு இன்னொரு பில்ட் கருவியிலயும் இதே கதைதான், டார்கெட்ல (ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுதியில) 'இஃப்'க்கு ப்ராப்பர்ட்டி (மதிப்பு வைக்கிற மாறி) பேர வெறுமனே குடுத்தா அது செட் ஆகியிருக்கான்னுதான் பாக்கும், மதிப்பு 'ஃபால்ஸ்'னு இருந்தாலும் டார்கெட் ஓடும். ஆன்ட் 1.8ல இருந்துதான் டாலர் அடைப்புக்குறி போட்டு மதிப்பையே பாக்க வைக்கலாம்னு வந்துச்சு. அதோட அந்த இஃப் தடுக்கிறது அந்த டார்கெட்ட மட்டும்தான், அது சார்ந்திருக்கிற மத்த டார்கெட்டெல்லாம் அதுக்கு முன்னாடியே ஓடி முடிஞ்சிருக்கும், இது தெரியாம ஒரு ராத்திரி முழுக்க நான் முழிச்சிருக்கேன். ஷெல்லுலயும் சதுர அடைப்புக்குள்ள 'ஃபால்ஸ்'ங்கிற சொல்ல மட்டும் போட்டுப் பாருங்க, வெறுமை இல்லாத எழுத்துதானே, உண்மைன்னு சொல்லிரும்.

சரி, மதிப்பையே ஒப்பிடலாம்னு 'இஃப்ஈக்யூ'வுக்கு மாறினோம். அதுலயும் அடி. ஒருத்தர் 'மோட் = லைவ்'னு எழுதி, பக்கத்துல ரெண்டு ஸ்பேஸ் விட்டு ஹேஷ் போட்டு ஒரு கமென்டும் எழுதியிருந்தார், மேக் கமென்ட வெட்டும் ஆனா அதுக்கு முன்னால இருக்கிற ஸ்பேஸ வெட்டாது, அதனால மதிப்பு 'லைவ்' இல்ல, 'லைவ்'வும் வாலுல ரெண்டு ஸ்பேஸும். கண்ணுக்கே தெரியாது. 'ஸ்ட்ரிப்' போட்டு ஓரத்து ஸ்பேஸ வெட்டினாத்தான் சரி வந்துச்சு.

எப்ப கேக்குதுங்கிறதும் முக்கியம். மேக்கோட இஃப் எல்லாம் ஃபைல வாசிக்கிற நேரமே முடிவாகிரும், கீழ இருக்கிற கட்டளை ஓடி ஒரு ஃபைல உருவாக்குனதுக்கு அப்புறம் 'அது இருக்கா'ன்னு மேக் இஃப்ல கேட்டுப் பிரயோசனம் இல்ல. அதுக்கு ஷெல் இஃப் வேணும், அத டேப் போட்ட வரியில எழுதணும். பல வரியா எழுதினா வரிக்கு வரி தனித்தனி ஷெல் ஓடும்ங்கிறதால பின்சாய்வுக்கோடு போட்டு ஒட்டணும்.

இப்ப நாங்க டீபக்னு ஒரு கொடியே வைக்கிறதில்ல. 'மோட்'னு ஒண்ணுதான், 'டெஸ்ட்' இல்லன்னா 'லைவ்', ரெண்டும் இல்லன்னா 'எல்ஸ்'ல டாலர் எரர் போட்டு பில்ட்டையே நிப்பாட்டிருவோம். நிறைய பேர் எல்ஸ்ல ஏதோ ஒரு டிஃபால்ட்ட வச்சிருவாங்க, எனக்கு அதுதான் சுத்தமா பிடிக்காது, எழுத்துப் பிழை விட்டவருக்கு அவர் கேக்காத ஒரு பில்ட குடுக்கிறத விட ஒண்ணும் குடுக்காம இருக்கலாம். முதல் வரியில எந்த மோட், எந்த சர்வர்னு பிரின்ட்டும் ஆகும், அத வாசிச்சிட்டுத்தான் தோட்டத்துக்கு ஃபைல் அனுப்பணும்.

அன்னைக்கே 'இஃப்டெஃப்'னு தேடிப் பாத்தோம், 7 இடத்துல இருந்துச்சு. அந்தத் தம்பி ஒண்ணும் பேசாம யார் எழுதினதுன்னு கிட்ல (யார் எந்த வரிய மாத்தினாங்கன்னு பதிஞ்சு வைக்கிற கருவியில) எடுத்துக் காட்டினார், அதுல 5 என்னுது.