நர்சிங்கில் சேருவதற்கு முன் பதிவேட்டைப் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா தன் மகளை அழைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். கையில் மதிப்பெண் பட்டியலும் மூன்று கல்லூரிகளின் கையேடுகளும் இருந்தன. “இதுல எதுல சேர்க்கலாம் சிஸ்டர்? நீங்க சொல்ற இடத்துல கட்டிடறேன்” என்றார். கையேடுகளைப் புரட்டினேன். கட்டடம், விடுதி, பேருந்து, பட்டமளிப்பு விழா என எல்லாப் படங்களும் இருந்தன. “இங்கே படித்து முடித்தால் பதிவு கிடைக்குமா என்று கேட்டீர்களா?” என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வார்டில் வேலை பார்த்து, அப்புறம் மாணவர்களுக்குப் பாடம் எடுத்து, சேர்க்கை நேர்காணல்களிலும் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். வருகிற பத்துக் குடும்பங்களில் ஒன்பது குடும்பங்கள் சீட்டைப் பற்றித்தான் பேசும். பதிவைப் பற்றிப் பேசுவது மீதி ஒரு குடும்பம்தான்.

‘பதிவு பெற்ற செவிலியர்’ என்பது சட்டம் காக்கும் ஒரு பெயர். கல்லூரி தருவது சான்றிதழ். செவிலியராக வேலை செய்யும் உரிமையைத் தருவது, அந்தந்த நாட்டிலோ மாநிலத்திலோ சட்டப்படி பதிவேடு வைத்திருக்கும் அமைப்பு. இந்தியாவில் அது மாநில நர்சிங் கவுன்சில், அமெரிக்காவில் மாநில நர்சிங் போர்டு, பிரிட்டனில் நர்சிங் மற்றும் மிட்வைஃபரி கவுன்சில். செவிலியருக்கென்றே தனிப் பதிவுச் சட்டத்தை முதலில் கொண்டுவந்த நாடு நியூசிலாந்து. 1901-இல் சட்டம் வந்தது, 1902 ஜனவரியில் எல்லன் டோஹர்டி என்ற பெண்மணி முதல் பதிவு பெற்ற செவிலியர் ஆனார். பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று நோயாளியால் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் பதிவேடு. இன்றைக்கும் காரணம் அதுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு பெண் என் மனதில் இருக்கிறாள். நான் பொறுப்பில் இருந்த வார்டுக்கு உதவியாளர் வேலைக்கு வந்தாள். படுக்கை விரிக்கும் விதத்தைப் பார்த்ததுமே இவள் முறையாகப் படித்தவள் என்று தெரிந்துவிட்டது. விசாரித்தபோது, நர்சிங் படிப்பை முழுதாக முடித்தவள் என்றாள். அவள் சேர்ந்த ஆண்டில் அந்தக் கல்லூரிக்கு இருந்த அங்கீகாரம் புதுப்பிக்கப்படவில்லை. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. படிப்பை முடித்துப் பதிவுக்குப் போனபோதுதான் தெரிந்திருக்கிறது. மூச்சுத் திணறும் நோயாளியை எப்படி உட்காரவைக்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு மாத்திரையைக்கூட அவள் கையால் கொடுக்க நான் அனுமதிக்க முடியாது. மருந்து வண்டியை நான் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை.

அதனால் அங்கீகாரம் உண்டா என்று கல்லூரியிடம் மட்டும் கேட்காதீர்கள். பதிவேடு வைத்திருக்கும் அமைப்பின் பட்டியலை நீங்களே எடுத்துப் பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகும் அதே படிப்பு, அதே வளாகம், அதே ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிர்வாகம் இரண்டு ஊர்களில் நடத்தினால் ஓர் இடத்துக்கு அனுமதி இருந்து இன்னொன்றுக்கு இல்லாமல் போகலாம். பதிவுக்குத் தனித் தேர்வு இருக்கும் நாடு என்றால், அந்தக் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேர் முதல் முயற்சியிலேயே தேறுகிறார்கள் என்றும் பாருங்கள். அமெரிக்காவில் என்கிளெக்ஸ் தேர்வின் தேர்ச்சி விகிதத்தை மாநில போர்டுகள் கல்லூரிவாரியாக வெளியிடுகின்றன. கட்டடத்தின் படத்தைவிட அந்த எண் அதிகம் சொல்லும்.

படிப்பின் பெயரிலும் கவனம் வேண்டும். உதவியாளர் பயிற்சி, ஓராண்டுச் சான்றிதழ், பட்டயம், பட்டம் எல்லாவற்றிலும் ‘நர்சிங்’ என்ற சொல் வரும். எல்லாமே பதிவு பெற்ற செவிலியர் ஆகும் வழி கிடையாது. அமெரிக்காவில் இரண்டாண்டு அசோசியேட் பட்டம் படித்தவரும் நான்காண்டு பட்டம் படித்தவரும் ஒரே என்கிளெக்ஸ் தேர்வைத்தான் எழுதுகிறார்கள். இந்தியாவில் பட்டயப் படிப்பான ஜி.என்.எம். முடித்தாலும் பி.எஸ்சி. நர்சிங் முடித்தாலும் பதிவு உண்டு. பிரிட்டனில் இப்போது புதிதாகப் படிக்கச் சேருபவர்களுக்குப் பட்டப்படிப்பு மட்டும்தான் வழி. குறுகிய காலப் படிப்பில் சேர்ந்துவிட்டு ‘அப்படியே மேலே போய்விடலாம்’ என்று நம்புகிறவர்கள், அந்தப் படியேற்றம் விதியில் உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

அடுத்து மருத்துவமனை. என்னைப் பொறுத்தவரை கல்லூரியின் தரத்தை முடிவு செய்வது வகுப்பறை அல்ல, வார்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பொதுச் செவிலியர் பயிற்சி குறைந்தது 4,600 மணி நேரம் இருக்க வேண்டும். அதில் பாதியாவது நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி. மற்ற நாடுகளில் எண் மாறும், ஆனால் வார்டுக்குப் போகாமல் பதிவு தரும் நாடு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. நர்சிங் சீட்டுகள் குறைவாக இருப்பதற்கும் இது ஒரு பெரிய காரணம். வகுப்பில் இன்னும் பத்து நாற்காலி போட்டுவிடலாம். பிரசவ வார்டில் இன்னும் பத்து மாணவிகளை நிறுத்த முடியாது. ஒரு கட்டிலைச் சுற்றி பதினைந்து மாணவர்கள் நின்று சிறுநீர்க் குழாய் போடுவதை எட்டிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த நோயாளி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பின்வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு எதுவும் தெரியவில்லை, நோயாளியின் மானமும் போனது.

ஆகவே கேளுங்கள்: பயிற்சிக்கு எந்த மருத்துவமனை? கல்லூரியின் சொந்த மருத்துவமனையா, ஒப்பந்தமா? குழந்தைகள் பிரிவு, பிரசவம், மனநலம், தீவிர சிகிச்சை எல்லாம் அங்கே உண்டா? ஒரு ஆசிரியர் எத்தனை மாணவர்களோடு வார்டுக்குப் போகிறார்? முடிந்தால் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். ‘உன் கையால் எத்தனை ஊசி போட்டிருக்கிறாய்?’ என்று கேட்டால் போதும், பதிலிலிருந்து நிறையப் புரிந்துவிடும்.

இனி உங்கள் பக்கம். உயிரியலும் வேதியியலும் வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். கணக்கைத்தான் விட்டுவிடுகிறார்கள். எட்டு மணி நேரத்தில் 1,000 மில்லி டிரிப் ஏற வேண்டும் என்று மருத்துவர் எழுதுகிறார். மணிக்கு 125 மில்லி. ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. கடினமான கணக்கு எதுவும் இல்லை, பெருக்கலும் வகுத்தலும்தான். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அதைத் தப்பில்லாமல் போட வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும். பின்னம், தசமம், விகிதம் மூன்றையும் இப்போதே பழகுங்கள். நுழைவுத் தேர்வு இருக்கும் இடங்களில் அதற்கும் இது உதவும்.

நேர்காணலில் ‘ஏன் நர்சிங்?’ என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் ‘சேவை செய்ய ஆசை’ என்பார்கள். அது பொய் இல்லை. ஆனால் அதை வைத்து ஒருவரை எங்களால் தெரிந்துகொள்ள முடியாது. ஒருமுறை ஒரு பையன் வந்தான். படுக்கையில் இருந்த அப்பாவுக்கு ஆறு மாதம் மூத்திரப் பையைக் காலி செய்திருக்கிறான். “முதல் ரெண்டு நாள் சாப்பிட முடியல மேடம். மூணாவது நாள், அப்பாவுக்குத்தான் என்னைவிட அதிகமா கூச்சமா இருக்குன்னு புரிஞ்சுது. அதுக்கப்புறம் அந்த நேரத்துல கிரிக்கெட் பத்திப் பேச ஆரம்பிச்சேன்” என்றான். நான் முழு மதிப்பெண் போட்டேன். ஆண் பிள்ளைகள் தயங்க வேண்டாம் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறதே என்று பயப்படுபவர்களும் உண்டு. அறுவை அரங்கில் முதல் நாள் சரிந்து விழுந்த மாணவிகள் பலரைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன். அவர்களில் சிலர் இன்று அதே அரங்கில் வேலை செய்கிறார்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தலை சுற்றினால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடுங்கள்.

கடைசி நேரத்தில் பலரைத் தடுமாற வைப்பது தடுப்பூசி. ஹெபடைட்டிஸ் பி ஊசி வழக்கமாக மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் ஒன்று. அதன்பின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கிறதா என்று பரிசோதனை. கல்லூரி தொடங்கியபின் ஆரம்பித்தால் பாதுகாப்பு வருவதற்குள் வார்டுக்குப் போகும் நாள் வந்துவிடும். சிறுவயதில் போட்டிருந்தால் அதற்கான அட்டையைத் தேடி எடுங்கள். தட்டம்மை, சின்னம்மை, காசநோய் பரிசோதனை பற்றியும் கேட்பார்கள். உடல்நலக் குறை ஏதாவது இருந்தால் மறைக்க வேண்டாம். சொன்னால் பல நேரம் வழி கிடைக்கும், மறைத்தது பிறகு தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும், அதைச் சரிசெய்வது கஷ்டம்.

முதல் ஆண்டு சீட் கிடைக்கவில்லை என்றால்? ஒரு வருடம் காத்திருங்கள் என்றுதான் சொல்வேன். வயது போகிறதே என்று பெற்றோர் தவிப்பது புரிகிறது. ஆனால் அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர்ந்தால் நான்கு வருடமும் போகும், பணமும் போகும். அந்த ஒரு வருடத்தில் மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ உதவியாளராக வேலை செய்யுங்கள். இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று அங்கேயே தெரிந்துவிடும், அடுத்த நேர்காணலில் சொல்வதற்கும் சொந்த அனுபவம் இருக்கும்.

அந்த அம்மாவும் மகளும் என் மேஜையருகே உட்கார்ந்தே கைபேசியில் பட்டியலைத் தேடினார்கள். மூன்றில் ஒரு கல்லூரி அதில் இல்லவே இல்லை. இன்னொன்று இருந்தது, ஆனால் பட்டயப் படிப்புக்கு மட்டும். அவர்கள் கையிலிருந்த கையேடோ பட்டப்படிப்பு என்றது. மூன்றாவது கொஞ்சம் தூரம், கட்டடமும் பழையது, ஆனால் கேட்ட படிப்பு, கேட்ட ஆண்டு எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பெண் விண்ணப்பத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசல் வரை போய்த் திரும்பி வந்து, “சிஸ்டர், அந்த முதல் ஊசியை இன்னைக்கே போட்டுக்கலாமா?” என்று கேட்டாள்.