பத்துக்கு எட்டு போதுமா?

ஆத்தூர், தலைவாசல் பக்கம் மரவள்ளி பயிரிடுகிறவர்களுக்குக் கிழங்கின் எடை மட்டும் போதாது, பாயிண்ட்டும் வேண்டும். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் விலை. 'இந்த உரம் போட்டால் பாயிண்ட் ஏறும்' என்று யாராவது சொன்னால் காது தானாகத் திரும்பும். போட்டவர் காட்டில் ஏறியும் இருக்கலாம். அது உரத்தாலா, மழையாலா, மாவுப்பூச்சி அண்டாததாலா?

ஒரே காட்டில் பத்து இடங்களில், அடுத்தடுத்த இரண்டு பாத்திகளை ஜோடியாக எடுப்போம். எதற்குப் புது உரம் என்பதை நாணயம் சுண்டித்தான் முடிவு செய்ய வேண்டும். நாமே தேர்ந்தெடுத்தால் கை செழிப்பான பாத்திக்கே போகும். பத்து மாதம் கழித்துத் தோண்டி அளந்ததில், எட்டு ஜோடிகளில் புது உரம் முந்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உரக்காரர் வென்றுவிட்டாரா?

புள்ளியியல் இங்கே கொஞ்சம் குதர்க்கமாக யோசிக்கும். உரத்தால் ஒரு பயனும் இல்லை என்றே தொடங்கும். இதுதான் இன்மைக் கருதுகோள். பயனில்லை என்றால் ஒவ்வொரு ஜோடியும் வெறும் பூவா தலையா. பத்து முறை சுண்டினால் 1,024 விதமாக விழலாம். எட்டு தலை விழுவது 45 விதம், ஒன்பது 10, பத்தும் தலை 1; ஆக 56. உதவாத உரம்கூட அதிர்ஷ்டத்தால் எட்டோ அதற்கு மேலோ வெல்ல 5.5 சதவீத வாய்ப்பு உண்டு. இதுவே பி-மதிப்பு. ஒன்பது வென்றிருந்தால் 1.1 சதவீதம்தான்.

பி-மதிப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதிர்ஷ்டமல்ல, தேறியது என்று கோடு கிழிக்கும் வழக்கத்தை 1925இல் பரப்பியவர் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வயல் சோதனைகளோடு மல்லுக்கட்டியவர். வசதி கருதித்தான் அந்த எண்ணைச் சொன்னார். 4.9 தேறியது, 5.5 தோற்றது என்பது என் கண்ணுக்குச் சட்டாம்பிள்ளைத்தனம்.

'உரம் வீண் என்பதற்கு 5.5 சதவீத வாய்ப்பு' என்று படிப்பதும் தவறு. உரம் வீண் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு, அது வீணா என்பதற்கான வாய்ப்பை எப்படிச் சொல்லும்?

கோட்டைத் தாண்டவில்லை என்பதால் உரம் வீண் என்றும் ஆகாது. உண்மையிலேயே நூற்றுக்கு எழுபது ஜோடிகளில் முந்தக்கூடிய உரம் என்றாலும், பத்து ஜோடிச் சோதனையில் ஒன்பதைத் தொட அதற்கு 15 சதவீத வாய்ப்புதான். நல்ல உரத்தைத் தவறவிடும் இந்தப் பிழையையும் கணக்கில் கொண்டுவந்தவர்கள் புள்ளியியலாளர்கள் நேமனும் ஈகான் பியர்சனும். ஜோடிகளை 40 ஆக்கினால், அதே உரம் கோட்டைத் தாண்டும் வாய்ப்பு ஏறத்தாழ 80 சதவீதமாகிவிடும். ஆகவே அடுத்த பட்டத்தில் 40 ஜோடி போடச் சொல்வேன், உரக்காரர் செலவில்.